பதினெட்டாவது ரோசாவுக்கு ஒரு சினிமாப் பாட்டு

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குப் போனேன். பழைய வீடியோக் கசெற்றுகளைக் கம்பியூட்டரில் பார்க்கிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற கடை ஒன்று அங்கே இருக்கிறது. கடை என்று பெயர்தான். ஒரு பக்கம் சாறி பிளவுஸ் தைக்கிறார்கள், மறுபக்கம் போனுக்கு உறை விற்கிறார்கள், நடுவில் ஒரு மேசையில் பழைய டெக் இரண்டு. நான் இரண்டு கசெற் கொண்டு போயிருந்தேன். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஒன்றைப் போட்டு ஓடவிட்டு, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அக்கா, உது ஆற்ற சாமத்தியவீடு? பொம்பிளை சப்பட்டை மாதிரிக் கிடக்கு.”

சீனச் சாயல் முகம் உள்ள எல்லாருக்கும் சப்பட்டை மூக்கென்று எங்கள் ஆட்கள் வைத்த பட்டம் அது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிறசர் குளிசை எழுதித் தந்த டொக்டர், கோபப்படாமல் இருக்கப் பாருங்கோ என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு என்ன, அவர் இந்தப் பிளாசாக்களுக்கு வருவதில்லை. “சப்பட்டையும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. பிலிப்பினோ. உது சாமத்தியவீடும் இல்லை, அவளின்ர பதினெட்டாவது பிறந்தநாள்” என்றேன். நான் போட்ட சத்தத்தில் பிளவுஸ் தைக்கிற பெண் மெசினை நிற்பாட்டிவிட்டாள்.

“கோவிக்காதேங்கோ அக்கா. பாட்டும் ஹார்ட்டும் தாமரையும் அப்பிடியே எங்கட மாதிரிக் கிடந்துது. அதான் கேட்டனான்.”

அவரில் பிழை சொல்ல ஏலாது. திரையில் ஒரு தாமரை விரிந்து, அதற்குள்ளிருந்து என் சிநேகிதி மேரிசெல்லின் முகம் எழும்பி வந்துகொண்டிருந்தது. நாலு மூலையிலும் இதயங்கள் சுற்றின. பின்னால் தமிழ்ச் சினிமாப் பாட்டு. பார்க்கிறவன் வேறு என்னத்தை நினைப்பான்? பிழை வேறு ஆட்களில். அது யார் யார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது என்னையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டிவரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கசெற்றில் ஒரு மனிதருடைய குரல் இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தக் குரல் வேறு எங்கேயும் இல்லை.

மற்றக் கசெற் என்னுடைய சொந்தச் சாமத்தியவீடு, நான் பெரியபிள்ளையானதற்குச் செய்த சடங்கு. அதற்கும் வருகிறேன். அதிலும் எனக்குக் கோபம் இருக்கிறது. இன்றைக்கு எல்லாத்திலும் கோபம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அந்தக் கசெற் பெட்டிகளைத் திறந்தபோது மெல்லிய சவர்க்கார வாசம் அடித்தது. அம்மா அவற்றைப் பழைய உடுப்புகளோடு சூட்கேசில் வைத்திருந்தா, அதனாலாயிருக்கும். ஆனால் எனக்கு உடனே நினைவு வந்தது சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த கட்டடத்தின் அடித்தளம். உடுப்புத் தோய்க்கிற அறை. இருபது மாடிக்கும் சேர்த்து அங்கே பத்து மெசின், அதில் மூன்று எப்போதும் பழுது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இடம் பிடிப்பது என்றால் யாழ்ப்பாணத்தில் பாணுக்குக் கியூவில் நின்றதை விட மோசம். தமிழ் ஆட்கள், பிலிப்பினோ ஆட்கள், சோமாலி ஆட்கள் எல்லாரும் கூடையோடு நிற்போம். அங்கேதான் அம்மாவும் தீத்தா லினாவும் பழக்கமானார்கள்.

தீத்தா என்றால் எங்களுடைய அன்ரி மாதிரி. தாயின் வயதில் இருக்கிற பெண்களை அவர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள். தீத்தா லினா நகரத்தின் வடக்கே ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்கென்று கனடா வந்தவ. வரும்போது சொந்த மகளுக்கு ஏழு வயது. மகளைக் கூப்பிட்டெடுக்க ஏழு வருடம் எடுத்தது. ஏர்ப்போட்டில் வந்து இறங்கிய மேரிசெல், முன்னால் நின்ற தாயை ஒருமுறை பார்த்துவிட்டு, கை குலுக்கினாளாம். “வேலைக்குச் சேர வந்த ஆள் மாதிரி” என்று தீத்தா லினா சிரித்துச் சிரித்துச் சொல்லுவா. உடுப்பு மடிக்கிற மேசையில் இருந்துகொண்டு நானும் சிரித்திருக்கிறேன். இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அந்தக் கதைக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மேரிசெல்லின் அப்பா வரவில்லை. கனடா வருவதற்கு எடுத்த மெடிக்கலில் அவருக்குச் சிறுநீரகத்தில் பழுது என்று வந்ததால் அவருடைய அலுவல் சரிவரவில்லை. அவர் தங்கள் சின்னத் தீவில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்திக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். வீட்டில் போன் கிடையாது. மாதத்தில் ஒரு நாள் பஸ் ஏறி ரவுணுக்குப் போய், அங்கே ஒரு கடையில் இருந்து கதைப்பார்.

மேரிசெல் என்னுடைய வகுப்பு. இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் மண்டைக்குள் இப்போது தமிழிலேயே கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன். பதினேழு வயது முடிகிற காலத்தில் ஒருநாள் தோய்க்கிற அறையில் வைத்துச் சொன்னாள்: “என்ர டெபூவுக்கு நீ ஏழாவது மெழுகுதிரி.”

“என்னடி அது?”

டெபூ என்பது அவர்களுடைய வழக்கம். ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு வயதாகும்போது ஊரைக் கூட்டிக் கொண்டாடுவது. பதினெட்டு ஆண்கள் ஒவ்வொருவராக வந்து, ஒரு ரோசாப்பூக் கொடுத்து, அவளோடு கொஞ்ச நேரம் ஆடுவார்கள். பதினெட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, ஒரு மெழுகுதிரி கொளுத்தி, அவளுக்கு நேரே நின்று ஏதாவது சொல்லுவார்கள். அவளைப் பற்றி, அவளுக்காக, அவள் கேட்க. பதினெட்டாவது ரோசா தகப்பனுடையது. அதுதான் கடைசி ஆட்டம். யார் ரோசா, யார் மெழுகுதிரி என்று அந்தப் பெண்ணே தெரிவு செய்வாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அவளே தெரிவு செய்வாளா? என்னுடைய சாமத்தியவீட்டில் என்னிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. பதின்மூன்று வயது. இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான். ஒரு சேர்ச்சின் அடித்தள மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, வாழைமரம் கிடைக்காமல் பிளாஸ்ரிக் வாழை கட்டினார்கள். ஜேர்மனியில் இருந்த மாமாவுக்குப் பதிலாக முன்னே பின்னே தெரியாத ஒருவர் தாய்மாமன் முறைக்குத் தண்ணீர் வார்த்தார். பாலில் தோய்த்த அறுகம்புல்லால் தலையில் பாலறுகு வைத்தார்கள். தட்டம் தட்டமாகக் கொண்டு வந்தார்கள். நான் பொம்மை மாதிரி இருந்தேன். என் உடம்பில் நடந்ததைக் கார்ட் அடித்து முந்நூறு பேருக்கு அறிவித்த அம்மாதான், மேரிசெல்லின் டெபூவைக் கேள்விப்பட்டு நெஞ்சில் கை வைத்தா.

“பதினெட்டு ஆம்பிளையளோட ஆடுறதோ? தாய்க்காரி பாத்துக்கொண்டு நிக்க? என்ன கோதாரி வழக்கமோ!”

“உங்கட வழக்கம் பெரிய திறம்” என்றேன். அகப்பைக்காம்பால் ஒன்று விழுந்தது. கடைசியில், பெண்களுக்கு ஆட்டம் இல்லை, மெழுகுதிரி கொளுத்துவதுதான் என்று விளக்கியபின் எனக்கு அனுமதி கிடைத்தது. அண்ணனை எட்டாவது ரோசாவாகக் கேட்டிருந்தார்கள். அதற்கு அம்மா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. “அவன் ஆம்பிளைப் பிள்ளைதானே, ஆடட்டும்.” எப்படி இருக்கிறது நியாயம்? அண்ணன் தோய்க்கிற அறையில் மேரிசெல்லோடு ஆடிப் பழகினதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுடுமணலில் செருப்பில்லாமல் நிற்கிறவன் மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கினான். சோமாலி அன்ரிமார் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

தீத்தா லினாவுக்கு அந்த நாள் என்றால் உயிர். தோள் இரண்டும் வண்ணத்துப்பூச்சிச் செட்டை மாதிரி உயர்ந்து நிற்கிற அவர்களுடைய ஊர்ச் சட்டையைத் தானே தைத்தா. வேலை முடித்து வந்து, கண் சிவக்கச் சிவக்கத் தைத்தா. ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொடுக்க நான் போயிருந்தபோது சொன்னா: “நான் வேலை செய்யிற வீட்டுப் பிள்ளையின்ர ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் தூக்கிக்கொண்டு வாறது நான்தான். படம் எடுக்கேக்க ‘லினா, கொஞ்சம் விலகு’ எண்டுவினம். என்ர பிள்ளையின்ர பிறந்தநாளிலை நான் நடுவிலை நிப்பன். நாங்கள் ஆர் எண்டு எல்லாரும் பாக்கட்டும்.” அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லை அவ சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. எங்கள் ஆட்களோ லிஃப்டில் அவ ஏறினால், “சப்பட்டையள் ஏறினா ஒரே கருவாட்டு மணம்” என்று தமிழில் கதைப்பார்கள். கருவாட்டு மணத்தைப் பற்றி யார் கதைக்கிறது பாருங்கள்! அந்தச் சொல்லை முதல் ஒரு வருடம் நானும் சொல்லியிருக்கிறேன். அதுவும் கணக்கில் இருக்கட்டும்.

இனி நான் செய்த காரியம்.

அவர்களுக்குத் தெரிந்த வீடியோக்காரர் அந்தச் சனிக்கிழமை வேறு இடத்தில் பிடிபட்டுவிட்டார். தீத்தா லினா கையைப் பிசைந்துகொண்டு நின்றா. அப்பாவுக்கு அனுப்ப வீடியோ வேண்டும், அதுதான் அவவுக்கு முக்கியம். நான் முந்திக்கொண்டு, “எங்கட சிவம் அண்ணை இருக்கிறார்” என்றேன். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துக் கட்டினது நான்தான்.

சிவம் அண்ணை மளிகைக் கடை ஒன்றின் பின்னறையில் வீடியோ வேலை செய்தவர். எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் அவர்தான். நல்ல மனுசன், அதைச் சொல்லத்தான் வேண்டும். என்னுடையதையும் அவரே எடுத்தார். தாமரைக்குள் முகம், வைன் கிளாசுக்குள் முகம், மயில் தோகை விரிக்க அதில் பதினாறு முகம். படம் எடுத்துக்கொண்டு போய், அதில் பதிந்த சத்தம் முழுவதையும் துடைத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டு ஏற்றுவார். அதற்கு மிக்சிங் என்று பெயர். எந்தப் பாட்டு எந்த இடத்தில் என்பதில்தான் ஒரு வீடியோக்காரரின் கெட்டித்தனம் இருந்தது. சிவம் அண்ணையின் மிக்சிங் மாதிரி வராது என்று ஸ்காபரோவில் இருந்தெல்லாம் தேடி வருவார்கள்.

இரண்டு பேரும் அவரிடம் போனோம். மேரிசெல் என் பக்கத்தில்தான் நின்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “பிள்ளை, அவையின்ர முறை எனக்குத் தெரியாது. எங்கட மாதிரியே செய்து குடுக்கட்டோ?”

“ஓம் அண்ணை. எங்கட மாதிரியே. திறமாச் செய்து குடுங்கோ” என்றேன்.

மேரிசெல் என்ன சொன்னாய் என்று கேட்டாள். “எங்கட ஆக்களுக்குச் செய்யிற மாதிரி, முழுக்கச் செய்யச் சொன்னனான்” என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? தாமரையும் மயிலும் எனக்கு அப்போது உலகத்திலேயே வடிவான சாமான்கள். என் சிநேகிதிக்கு எங்களிடம் இருக்கிறதில் நல்லதைக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். அவளும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அந்த நாள் வந்தது. மண்டபத்தில் எங்கள் கட்டடத்துப் பாதிச் சனம். ரோசாக்கள் முடிந்துகொண்டு வந்தன. கட்டடத்து சூப்பரின்ரென்டன் கூட ஒரு ரோசா. அண்ணன் எட்டாவதாகப் போய், அவளுடைய காலை இரண்டு தரம் மிதித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்தான். அவர்களுடைய ஆட்டத்தில் கும்பிடு இல்லை, பயத்தில் கும்பிட்டிருக்கிறான். பதினேழு ரோசாவும் முடிந்தபின் மெழுகுதிரிகள். ஏழாவதாக நான் போய், ஹோம்வேர்க் தாளின் பின்பக்கத்தில் எழுதியதை வாசித்தேன். இந்த ஊரில் எனக்கு ஆங்கிலம் இன்னும் சரியாக விளங்காத காலத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்தாத ஒரே ஆள் அவள் என்று எழுதியிருந்தேன். எனக்கு ஞாபகம் இருக்கிற வரி அது ஒன்றுதான். மிச்சம் போய்விட்டது, எங்கே போனது என்று இனிமேல் தெரியும்.

கடைசி ரோசாவுக்கு முதல் லைற்றைக் குறைத்தார்கள். குசினி வாசலில் சுவரில் ஒரு போன் இருந்தது. தீத்தா லினா போன் கார்டைச் சுரண்டி நம்பரை அடித்தா. தீவில் ஞாயிறு காலை. மேரிசெல்லின் அப்பா விடியவே பஸ் ஏறி ரவுணுக்கு வந்து அந்தக் கடையில் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அண்ணன் போன் றிசீவரில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மண்டபத்து ஸ்பீக்கர்களில் முதலில் இரைச்சல் வந்தது, ஒரு சேவல் கூவியது, பிறகு ஒரு ஆண் குரல்.

அவர் பாடினார். பின்னணி இல்லை, ஒன்றும் இல்லை. தங்கள் தீவுப் பாட்டு ஒன்று, மகள் ஆடுவதற்காக. குரல் கொஞ்சம் பிசிறு, இடையில் மூச்சு வாங்கியது. தீத்தா லினா ஒரு ரோசாவை மேரிசெல்லின் கையில் கொடுத்துவிட்டு விலகினா. மேரிசெல் நடு மண்டபத்தில் தனியே, ஒரு கையில் பூ, மற்றக் கையை ஒருவருடைய தோளில் வைத்த மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஆடினாள். ஓடித் திரிந்த குஞ்சு குருமான்கள் கூட நின்றுவிட்டன. பாதியில் அவர் பாட்டை நிறுத்தி ஏதோ சொன்னார். மேரிசெல்லும் தீத்தா லினாவும் மட்டும் பெரிதாகச் சிரித்தார்கள். மற்றப் பிலிப்பினோ ஆட்களுக்கே விளங்கவில்லை, அந்தத் தீவின் பாஷை மண்டபத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. பிறகு அவர் திரும்பப் பாடி முடித்தார். நான் என் வாழ்க்கையில் அதுவரை அழாத அளவுக்கு அன்று அழுதேன். என் சாமத்தியவீட்டில் நான் அழவில்லை. அங்கே அழுவதற்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையே.

சிவம் அண்ணை தோளில் கமராவோடு சுற்றிச் சுற்றி எடுத்தார். வேர்வை வடிய வடிய எடுத்தார்.

ஆறு கிழமைக்குப் பிறகு கசெற் வந்தது. தீத்தா லினா வீட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். நூடில்ஸ் கிண்டி வைத்திருந்தா. கசெற்றைப் போட்டோம். தாமரை விரிந்ததும் எல்லாரும் கூவினார்கள், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். பாட்டு வந்தது. தமிழ்ப் பாட்டு என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்ல சிரிப்புத்தான். ரோசாக்கள் முழுவதும் பாட்டு. மெழுகுதிரிகள் வந்தன. முதலாவது பெண் வாயைத் திறந்தாள், பாட்டு. இரண்டாவது, பாட்டு. ஏழாவதாக நான் தாளைப் பிடித்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன், பின்னால் ஒரு பாடகி காதலனைக் கூப்பிடுகிறாள். அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. மேரிசெல் ரிமோட்டை எடுத்து ஓடவிட்டு, கடைசி இடத்தில் நிறுத்தினாள்.

இருட்டு மண்டபத்தில் அவள் தனியே ஆடுகிறாள். மேலே ஸ்பீக்கரைப் பார்க்கிறாள். சிரிக்கிறாள், அழுகிறாள். அதற்கு மேலே ஒரு டூயற் பாட்டு, மழையில் நனைந்துகொண்டு பாடுகிற வகை.

தீத்தா லினா ரீவிக்குக் கிட்டப் போய்க் குந்தினா. சத்தத்தைக் கூட்டினா. “அவர் எங்கே?” என்று கேட்டா.

நான் செருப்பையும் சரியாகப் போடாமல் சிவம் அண்ணையிடம் ஓடினேன். மூச்சு வாங்க, அந்தப் போன் சத்தம் எங்கே அண்ணை என்றேன்.

“அந்தக் கரகரப்போ? அதை அப்பிடியே விட்டுக் குடுத்தா என்ர பேரெல்லோ கெடும் பிள்ளை. சேவல் எல்லாம் கூவிச்சுது. அதான் புதுப் பாட்டா, ஸ்ரீரியோவிலை, நல்லதொண்டு பாத்துப் போட்டனான். எப்பிடி, பிடிச்சுதோ அவைக்கு?”

“ஒறிஜினல் கசெற் இருக்கோ?”

“அதிலை போன கிழமை ஸ்காபரோவிலை ஒரு சாமத்தியவீடு எடுத்திட்டனே. ஏன், படத்திலை ஏதும் பிழையோ?”

கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன், வயதுக்கு மூத்தவர் என்றும் பார்க்கவில்லை. கடைசி வரை அவருக்கு விளங்கவில்லை. விளங்கவே இல்லை! எப்படி விளங்கும்? எங்களுடைய சடங்கில் யார் பேசுகிறார்கள், துடைத்தால் நட்டம் வருவதற்கு? ஐயரின் மந்திரம், மேளம், சாப்பாட்டுப் பந்தியில் சோறு கேட்கிற சத்தம், இவ்வளவும்தான். நடுவில் இருக்கிற பெண் ஒரு சொல் சொல்லுவாள் என்றோ, அவளுக்கு யாராவது ஒரு சொல் சொல்லுவார்கள் என்றோ எங்கள் ஆட்கள் கனவிலும் நினைத்ததில்லை. அதுதான் எனக்கு அடங்காத கோபம். அந்த மனுசன் ஒரு கெட்டது நினைக்கவில்லை. எங்களுக்கு எது வீடியோவோ அதைத்தான் அவர் செய்தார். அப்படிச் செய்யச் சொன்னதும் நான்.

மேரிசெல் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “எங்கட மாதிரி எண்டு நீதானே சொன்னனீ” என்றாள், அவ்வளவுதான். பிறகும் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில்தான் இருந்தோம். தோய்க்கிற அறைக்கு மட்டும் வேறு வேறு நேரத்தில் போனோம்.

தீத்தா லினா ஒரு கொப்பியை எங்கள் வீட்டுக்கும் தந்து, அந்தக் கசெற்றை அப்படியே தீவுக்கு அனுப்பினா. வேறு என்ன செய்வது? அவர் யாரோ வீட்டு ரீவியில் ஊரோடு சேர்ந்திருந்து பார்த்திருக்கிறார். பதில் கடிதத்தை மேரிசெல் எனக்கு வாசித்துக் காட்டினாள். மகள் இளவரசி மாதிரி இருக்கிறாளாம். தாமரையை எல்லாரும் மெச்சினார்களாம். கடைசியில் ஒரு வரி: “நான் இவ்வளவு வடிவாகப் பாடினேனா?” பகிடிதான் விட்டிருக்கிறார். மேரிசெல் அதை வாசிக்கும்போது சிரித்தாள். அடுத்த வருடம், மழைக்காலத்தில், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். மகளை அவர் கடைசியாக நேரே கண்டது அவளுடைய பதினாலு வயதில், தங்கள் ஊர் ஏர்ப்போட்டில்.

சிவம் அண்ணையும் இப்போது இல்லை. அவருடைய செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். திரையில் அவருடைய படங்கள் ஒவ்வொன்றாக ஓடின, பின்னால் சினிமாப் பாட்டு. ஆயிரம் வீட்டுக் கொண்டாட்டத்தைப் படம் எடுத்த மனுசனின் குரல் ஒரு இடத்திலும் இல்லை. எனக்கு அங்கேயும் கோபம்தான் வந்தது, அவருக்காக வந்தது.

சரி, பிளாசாவுக்கு வருகிறேன். நான் எதற்கு அங்கே போனேன் என்றால், இந்தக் காலத்தில் கம்பியூட்டரால் பாட்டை வேறாக, குரலை வேறாகப் பிரிக்கலாம் என்று என் மகள் சொன்னாள். எனக்கு ஒரு நப்பாசை. கடைக்காரரிடம் கேட்டேன், பாட்டை உரித்து எடுத்துவிட்டு அடியில் இருக்கிற சத்தத்தைத் தர ஏலுமா என்று. அவர் பொறுமையாகத் தேடிப் பார்த்தார். காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டார்.

“அடியிலை ஒண்டும் இல்லை அக்கா. பாட்டு மட்டும்தான். ஏன் எடுக்கிறியள், நல்ல பாட்டுத்தானே?”

இந்தமுறை நான் சத்தம் போடவில்லை. என்னுடைய சாமத்தியவீட்டையும் போட்டுக் காட்டினார். மணவறையில் இருந்துகொண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று பக்கத்தில் நிற்கிற அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து என்னவோ சொல்லுகிறது. அம்மா கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறா. நான் என்ன கேட்டேன்? தண்ணீரா? வயிற்றுக்குத்தா? எனக்கே தெரியாது.

சென் ஜேம்ஸ் ரவுணில் அந்தத் தோய்க்கிற அறைக்கு இப்போது சாவிக்கார்ட் வேண்டுமாம். சுரண்டுகிற போன் கார்டுகள் போய்விட்டன. தீத்தா லினா இறந்து ஐந்து வருடம். மேரிசெல் கல்கரியில் நேர்ஸ். வருடப்பிறப்புக்கும் பிறந்தநாளுக்கும் ஒரு மெசேஜ் போடுவோம், அவ்வளவுதான் எங்கள் உறவு. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, அந்தக் கடைசி ரோசாவை ரீவியில் போட்டுவிட்டு, இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்கப் பயந்ததைக் கேட்பதற்கு அவளுக்குப் போன் எடுத்தேன். பாட்டைப் பிரிக்க ஏலாது என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, “ஒரு இடத்திலை நீ சிரிக்கிறாய். பாட்டை நிப்பாட்டிப்போட்டு அப்பா என்னவோ சொன்னவர். என்னடி சொன்னவர்?” என்றேன்.

“எனக்குத் தெரியாது” என்றாள். “அம்மாவுக்கு நினைவிருக்கும் எண்டு நான் இருந்தன், எனக்கு நினைவிருக்கும் எண்டு அம்மா இருந்தவ. மேக்கப் கரையக் கூடாது எண்டுதான் அண்டைக்கு யோசிச்சுக்கொண்டு நிண்டனான். நான் வடிவாக் கேக்கேல்லையடி. கசெற்றிலை இருக்கும்தானே எண்டு விட்டிட்டன்.”

ரீவியில் அந்த டூயற் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எழும்பிப் போய் நிற்பாட்டினேன்.